திருடனைக் காட்டிக் கொடுக்கும் பெட்டி

மோட்டார் சைக்கிளுக்கு எதை வாங்குவது? எதைக் கேட்டு வாங்குவது?

மோட்டார் சைக்கிள் திருட்டுப் போக ஒரு நிமிடம் போதும். திருட்டுப் போன செய்தி சொந்தக்காரருக்குத் தெரிய எட்டு மணி நேரம் ஆகிறது!

சோழவரம், கும்மிடிப்பூண்டி பக்கத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஷிப்டுக்கு வந்தவர் வண்டியை நிறுத்துகிறார். பூட்டுகிறார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார். மறுபடி அவர் வெளியே வரும்வரை வண்டி அனாதைதான். நிறுத்திய இடம் வெறும் தரையாகக் கிடந்தாலும், ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்குள் வண்டி எங்கே போயிருக்கும்?

சோழவரம் வழியாகப் போகும் ஜி.என்.டி. ரோடு, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைகிறது. சோழவரத்தில் கிளம்பிய வண்டி ஒரு மணி நேரத்துக்குள் மாநில எல்லையைத் தாண்டிவிடலாம். மீதி ஏழு மணி நேரத்தில் நம்பர் பலகையை மாற்றிவிடலாம். வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்தும் விடலாம்.

அன்று பந்தயம், இன்று பிழைப்பு

மோட்டார் சைக்கிளுக்கும் சோழவரத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இங்கே இருந்தது. போர் முடிந்தபின் அந்த ஓடுபாதையில் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. சென்னையில் இருந்து கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

அன்று மோட்டார் சைக்கிள் வேடிக்கைப் பொருள். இன்று அது வயிற்றுப்பாடு.

ஷிப்டு நேரத்துக்கு எல்லா ஊரிலும் பஸ் கிடைப்பதில்லை. வண்டி இல்லாவிட்டால் வேலைக்கு நேரத்தில் போக முடியாது. பெரும்பாலும் அந்த வண்டி தவணையில் வாங்கியதாக இருக்கும். வண்டி போனாலும் தவணை போகாது. இல்லாத வண்டிக்கு மாதா மாதம் பணம் கட்டுவதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது?

அதனால்தான் "வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் பெட்டி" இப்போது பேச்சாக இருக்கிறது. தீப்பெட்டி அளவிலும் கிடைக்கிறது. கடைக்காரர் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டுகிறார். அதில் ஒரு புள்ளி நகர்கிறது. பார்த்தவர் மயங்கிப் போகிறார்.

புள்ளியைப் பார்த்து மயங்கிப் பயன் இல்லை. பெட்டியின் உள்விவகாரம் தெரிய வேண்டும்.

செயற்கைக்கோள் வண்டியைப் பார்க்கிறதா?

"மேலே இருந்து செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

செயற்கைக்கோளுக்கு எந்த வண்டியையும் தெரியாது. அது நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பெட்டி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்கிறது. ஒவ்வொரு குரலும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போடுகிறது.

இந்தியாவுக்கும் "நாவிக்" என்ற சொந்த ஏற்பாடு உண்டு. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்டது. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும்போது இந்தப் பகுதி மக்கள் மொட்டை மாடியில் ஏறிப் பார்க்கிறார்களே, அதே இடம்!

இடத்தைக் கணக்குப் போட்டால் மட்டும் போதுமா? அதைச் சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டும். அதற்காகப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. சாதாரண போன் போல அதுவும் செல்போன் கோபுரம் வழியாகச் சேதி அனுப்புகிறது.

ஆக, இந்தப் பெட்டிக்கு ஒரு காது உண்டு. ஒரு வாய் உண்டு. ஒரு வயிறும் உண்டு. மூன்றும் சரியாக இருந்தால்தான் பெட்டி பிழைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

காது

செயற்கைக்கோளின் குரல் மிகவும் மெல்லியது. பிளாஸ்டிக்கைத் தாண்டி வரும்; இரும்பைத் தாண்டி வராது. ஆகவே பெட்டியைப் பெட்ரோல் டாங்கிக்குக் கீழே ஒளித்து வைத்தால் அது செவிடாகிவிடும். சீட்டுக்குக் கீழேயோ, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலேயோ வைப்பது நல்லது.

திருடிய வண்டியை மூடிய லாரிக்குள் ஏற்றினாலும், தகரக் கூரை போட்ட கிடங்கில் நிறுத்தினாலும் பெட்டிக்குக் காது கேட்காமல் போகலாம். அப்போது பக்கத்துச் செல்போன் கோபுரத்தை வைத்துக் குத்துமதிப்பாக இடம் சொல்லும் வசதி சில பெட்டிகளில் இருக்கிறது. "அந்த வசதி இதில் உண்டா?" என்று கேட்க வேண்டும்.

வாய்

பெட்டி 2-ஜியில் பேசுகிறதா, 4-ஜியில் பேசுகிறதா என்று கேட்க வேண்டும். 2-ஜி மட்டும் தெரிந்த பெட்டியில் ஜியோ சிம் போட்டால் அது ஊமை. ஜியோவில் 2-ஜி சேவை கிடையாது. பல நாட்டில் 2-ஜியை ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள். புதிதாக வாங்குகிறவர் 4-ஜி பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்த கேள்வி, பணம். பெட்டியின் விலை ஒரு முறைதான். ஆனால் சிம்முக்குக் கட்டணம் உண்டு. போனில் வரைபடம் காட்டும் கம்பெனிக்கும் கட்டணம் உண்டு. முதல் வருஷம் "இலவசம்" என்பார்கள். இரண்டாவது வருஷம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் தவறினால் பெட்டி பேசாது. அது திருடனுக்குக் கொடுக்கும் சலுகை!

வயிறு

பெட்டிக்குச் சாப்பாடு மின்சாரம். வண்டியின் பாட்டரியில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறது. திருடன் முதலில் செய்யக்கூடியது பாட்டரி ஒயரை அறுப்பதே. ஆகவே பெட்டிக்குள்ளேயே சின்னதாக ஒரு பாட்டரி கட்டாயம் இருக்க வேண்டும். ஒயர் அறுந்த பிறகு எத்தனை மணி நேரம் அது உயிரோடு இருக்கும்? ஒயர் அறுந்த உடனே சேதி அனுப்புமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத கடைக்காரரிடம் வாங்கக் கூடாது.

வண்டியின் பாட்டரியையும் கவனிக்க வேண்டும். சிறிய மோட்டார் சைக்கிளில் 3 ஆம்பியர்-மணி பாட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி ஓயாமல் 20 மில்லி ஆம்பியர் குடித்தால், ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் பாட்டரி ஆறு நாளில் காலி! பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வண்டி நிற்கும்போது தானும் தூங்கி, அசைந்தால் விழித்துக்கொள்ளும் பெட்டியே நல்லது.

மழையும் உண்டு. "ஐ.பி. 67" என்ற முத்திரை இருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்று அர்த்தம்.

மணி யார் வீட்டில் அடிக்க வேண்டும்?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி.

வண்டி அசைந்த உடனே பெட்டி போனுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. நல்லது. ஆனால் சில தொழிற்சாலைகளில் போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். விட்டாலும், இயந்திரச் சத்தத்தில் மணி காதில் விழுமா? பெட்டி கத்திக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இருக்காது. பழையபடி அதே எட்டு மணி நேரம்!

ஆகவே எச்சரிக்கை இரண்டு போன்களுக்காவது போக வேண்டும். ஒன்று வண்டிக்காரருடையது. மற்றொன்று வீட்டில் இருக்கும் மனைவி, தாய், அண்ணன், தங்கை யாராவது ஒருவருடையது. அவர்களுக்கு வண்டி நம்பர் தெரிய வேண்டும். எந்தக் கம்பெனி வாசலில் நிற்கிறது என்பது தெரிய வேண்டும். கம்பெனி வாசல் காவலரின் போன் நம்பரும் கையில் இருக்க வேண்டும். செலவு இல்லாத ஏற்பாடு இது. பெட்டியின் பயனில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஒரு நியாயமும் உண்டு. திருடனைக் காட்டும் பெட்டி வண்டி ஓட்டும் மகனையும் காட்டும், கணவனையும் காட்டும். அவர்களுக்குத் தெரியாமல் வைப்பது முறை அல்ல. சொல்லிவிட்டு வைக்க வேண்டும்.

ஏமாற வேண்டாம்

"ஓடும்போதே என்ஜினை நிறுத்திவிடலாம்" என்று சில பெட்டிகளுக்கு விளம்பரம் செய்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கனரக லாரிகள் பறக்கும் ஜி.என்.டி. ரோட்டில் திடீரென்று என்ஜின் நின்றால் பின்னால் வருகிறவன் கதி என்ன? தவறுதலாகச் சொந்தக்காரர் ஓட்டும்போதே நின்றால்? அந்த வசதி இருந்தால், வண்டி நின்றபிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பதாக மட்டும் இருக்க வேண்டும்.

"ஏ.ஐ.எஸ். 140, அரசாங்கம் கட்டாயமாக்கியது" என்றும் சொல்வார்கள். அந்தக் கட்டாயம் பஸ், டாக்சி போன்ற பொது வாகனங்களுக்கு வந்தது. இரண்டு சக்கர வண்டிக்கு அதில் இருந்து விலக்கு உண்டு.

2021-ல் ஆப்பிள் கம்பெனி "ஏர்டேக்" என்ற வட்டத் துண்டு ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு சிம் இல்லை. மாதக் கட்டணம் இல்லை. பக்கத்தில் போகிறவர்களின் போன் வழியாகத்தான் அது பேசும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வாய் மூடிவிடும். இன்னொன்று: யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, "தெரியாத துண்டு ஒன்று உங்களோடு வருகிறது" என்று கூட வருகிறவரின் போனுக்கே அது சொல்லிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட வருகிறவன் திருடனாக இருந்தால் அவனுக்கும் சொல்லிவிடுமே!

பூட்டும் வேண்டும், பெட்டியும் வேண்டும்

பெட்டி திருட்டைத் தடுக்காது. திருட்டுப் போன வழியைத்தான் சொல்லும். தடுப்பது பூட்டு. கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் நல்ல சக்கரப் பூட்டு வாங்க வேண்டும். பெட்டி பிறகு.

ஆனால் பெட்டிக்குப் பூட்டிடம் இல்லாத ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவில் "லோஜாக்" என்ற ஒளித்து வைக்கும் கருவி 1986-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வந்தது. அதைப்பற்றி இயன் ஏயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற அறிஞர்கள் 1998-ல் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் பூட்டைப் பார்த்தால் திருடன் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறான். ஒளித்து வைத்த கருவி எந்த வண்டியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆகவே எந்த வண்டியைத் தொடவும் பயப்படுகிறான். ஒருவர் வைத்த கருவியால் ஊரில் உள்ள மற்ற வண்டிகளுக்கும் காவல்!

கம்பெனி வாசலில் நிற்கும் நூறு வண்டிகளில் பத்தில் பெட்டி இருந்தாலும் நூறுக்கும் நன்மை.

புள்ளி காட்டும் வீட்டுக்கு ஓடலாமா?

ஓடக் கூடாது.

வரைபடத்தில் புள்ளி சில மீட்டர் தள்ளியும் விழும். நெருக்கமான தெருவில் சில மீட்டர் என்பது பக்கத்து வீடு! திருடன் வீடு என்று நினைத்து, பாவம் அறியாத ஒருவர் வீட்டுக் கதவை உடைத்தால் என்ன ஆகும்? வண்டியை வைத்திருப்பவர் விவரம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவராகவும் இருக்கலாம். உண்மையான திருடனாகவே இருந்தாலும் அவன் கையில் கத்தி இருக்கலாம். வண்டிக்காக உயிரை விடுவதா? கூட்டம் சேர்த்து அடிப்பதும் குற்றம்.

புள்ளியைப் போலீசாரிடம் காட்ட வேண்டும். 112-க்குப் போன் செய்யலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பேச்சுக்கு இடம் இல்லை. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

புகாரை உடனே கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்ஷூரன்ஸ் பணம் கேட்க முதல் தகவல் அறிக்கை வேண்டும். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆனால் "மூன்றாம் நபர்" இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்குத் திருட்டுக்கு ஒரு காசும் வராது. திருட்டுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறதா என்று இன்றே பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சாவியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்கமாக இரண்டையும் கேட்கும்.

பூட்டு, பெட்டி, வீட்டில் மணி கேட்கும் ஒருவர், போலீஸ் புகார், இன்ஷூரன்ஸ் பத்திரம் – ஐந்தும் சேர்ந்தால்தான் காவல். ஒன்று மட்டும் போதும் என்று சொல்கிறவர் வியாபாரி.

எட்டு மணி நேரம் வண்டி அனாதையாக நிற்பதை மாற்ற முடியாது. வேலை அப்படி. ஆனால் திருட்டு தெரிய எட்டு மணி நேரம் ஆக வேண்டும் என்பதை மாற்றலாம். பெட்டிக்குக் கொடுக்கும் காசு அதற்காகத்தான்.