புது ஜெட் இருக்கட்டும், பழைய கூலி எங்கே?

சின்ன ஊருக்கெல்லாம் பறக்கிற ஜெட் விமானத்தை நம்ம நாட்டுலயே செய்யப் போறாங்களாம். பேப்பர்ல, டிவில, வாட்ஸ்அப்புல எல்லாம் இதே பேச்சு. 2025 அக்டோபர்ல பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம், எஸ்.ஜே.-100 என்கிற ஜெட்டுக்காக ரஷ்யக் கம்பெனியோட மாஸ்கோவுல ஒப்பந்தம் போட்டுது. 2026 ஜனவரியில அதானி குழுமமும் பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் கம்பெனியும் இதே மாதிரி வேலைக்குக் கையெழுத்துப் போட்டாங்க. எச்.ஏ.எல். இதுக்கு முன்னாடி முழு பயணிகள் விமானம் செஞ்சது ஆவ்ரோதான். அதையும் 1988-ல நிறுத்திட்டாங்க. அதனால இது பெரிய விஷயம்னு சொல்றதுல தப்பு இல்ல.

நான் மிஷினுக்கு எதிரி இல்ல. எங்க அப்பா ஏர் பூட்டினாரு, நான் டிராக்டர் வெச்சு ஓட்டறேன். ஆனா புது விமானம் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் பேசினா எனக்குக் கோபம் வருது. நம்ம நாட்டுல விமானக் கம்பெனிகள் படுத்தது விமானம் இல்லாம இல்ல. ஓட்டுறவனுக்கும் மூட்டை தூக்குறவனுக்கும் ஒழுங்கா கூலி கொடுக்காம, ஏறுறவனுக்கு ஒழுங்கா பதில் சொல்லாம, புதுசு புதுசா வாங்கிக்கிட்டே போனதுலதான் பாதி படுத்துது.

"திண்டிவனத்துல மல்லாட்டை போடற உனக்கு ஃபிளைட் பேச்சு எதுக்குய்யா?"ன்னு கேப்பாங்க. சொல்றேன். எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் துபாயிலயோ மலேசியாவுலயோ இருக்கான். பட்டாளத்துல இருக்கிற பிள்ளைங்க லீவுக்கு வர்றதும் ஃபிளைட்லதான். இன்னும் கொஞ்சம் பேர் மீனம்பாக்கத்துல காண்டிராக்ட்ல மூட்டை ஏத்துறாங்க, தள்ளுவண்டி தள்ளுறாங்க, கவுன்டர்ல நிக்கிறாங்க. ரன்வேயை நீட்டணும்னா கேக்கறது நம்ம நிலத்தை. மானியம் கொடுக்கணும்னா போறது நம்ம ஜனங்க காசு. அப்புறம் எப்படி இது எனக்குச் சம்பந்தம் இல்லாத பேச்சு ஆகும்?

ஏதோ சின்ன ஜெட் இப்பதான் முதல் தடவையா வருதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2005 அக்டோபர்லயே நம்ம தமிழ்நாட்டுல பாரமவுண்ட் ஏர்வேஸ்னு ஒரு கம்பெனி எம்ப்ரேயர் ஜெட்டோட கிளம்புச்சு. மதுரைக்காரங்க ஜவுளிக் குழுமத்தோட கம்பெனி. எழுபது எழுபத்தஞ்சு சீட்டு, எல்லாமே பிசினஸ் கிளாஸ். சென்னை, கோயமுத்தூர், மதுரைன்னு பறந்துது. நம்ம ஊர்க்காரன் விமானம் விடறான்னு எல்லாருக்கும் பெருமை. விமானமும் நல்ல விமானம்தான். ஆனா அத்தனையும் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைக்கு விட்டவங்களோட தகராறு முத்தி, 2010-ல எல்லாம் நின்னு போச்சு. அஞ்சு வருஷக் கதை.

அதுக்கு அப்புறம் கிங்ஃபிஷர். சீட்டுக்குச் சீட்டு டிவி, சிவப்பு உடுப்பு, காலண்டர் போட்டோ. உள்ள வேலை செஞ்சவங்களுக்கு மாசக்கணக்கா சம்பளம் இல்ல. இன்ஜினியர்ங்களும் பைலட்டுங்களும் வேலைநிறுத்தம் பண்ண, 2012 அக்டோபர்ல மூடியாச்சு. ஜெட் ஏர்வேஸ் 1993-லிருந்து பறந்த கம்பெனி. அங்கேயும் சம்பள பாக்கி ஏறி, 2019 ஏப்ரல் 17-ந் தேதி கடைசி விமானம் இறங்குச்சு. திரும்ப எழுந்துக்கும்னு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆசை காட்டி, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொத்தை வித்துக் கணக்கை முடிங்கன்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. இந்த ரெண்டு கம்பெனியிலயும் விமானத்துக்கு என்ன குறைச்சல் இருந்துது? ஒரு குறைச்சலும் இல்ல.

நமக்குப் பக்கத்துல புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தையே பாருங்க. 2013-ல புது டெர்மினல் திறந்து, ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விமானம் விட்டுது. அடுத்த வருஷமே நிறுத்திட்டாங்க. 2017 ஆகஸ்ட்ல உடான் திட்டத்துல அதே கம்பெனி ஹைதராபாத்துக்கு விட்டுது. அதுவும் 2024-ல நின்னுபோச்சு. நடுவுல அந்தக் கம்பெனி எப்படி இருந்துதுன்னு ஊருக்கே தெரியும். 2022 ஜூலையில, கோளாறு மேல கோளாறு வந்ததால, பாதி விமானம்தான் பறக்கணும்னு டிஜிசிஏ கட்டுப்பாடு போட்டுது. அதே வருஷம் செப்டம்பர்ல எண்பது பைலட்டுங்களைச் சம்பளம் இல்லாத லீவுல வீட்டுக்கு அனுப்புனாங்க. 2024 ஆகஸ்ட்ல இன்னும் 150 பணியாளர்களை அதே மாதிரி அனுப்புனாங்க. உள்ள வேலை பாக்கிறவன் வயிறு காயற கம்பெனி, புதுச்சேரிக்கு மட்டும் தவறாம எப்படி வந்து போகும்? முதல்ல வெட்டுறது சின்ன ஊர் ஃபிளைட்டைத்தானே. 2024 டிசம்பர்ல இண்டிகோ வந்துது. சரி, இவங்களாவது நிப்பாங்கன்னு இருந்தோம்.

அந்த இண்டிகோ கதையும் 2025 டிசம்பர்ல பாத்தாச்சு. பைலட்டுங்க தூக்கம் கெட்டு ஓட்டுறாங்கன்னு புது ஓய்வு விதி வந்துது. வாரத்துக்கு 36 மணி நேரமா இருந்த தொடர் ஓய்வு 48 மணி நேரம் ஆச்சு. ராத்திரி தரையிறக்கறது ஆறுலேருந்து ரெண்டாக் குறைஞ்சுது. இந்த விதி ஒரே ராத்திரியில வானத்துலேருந்து விழல. முன்கூட்டியே சொல்லி, ரெண்டு கட்டமா வந்த விதி. ரெண்டாவது கட்டம் நவம்பர் 1-ந் தேதி. அதுக்குத் தக்கபடி ஆள் எடுத்து வெச்சிருக்கணும். வெச்சுக்கல. டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃபிளைட்டு ரத்து. உள்நாட்டுல பறக்கிற பத்துப் பேர்ல ஆறு பேர் அந்த ஒரே கம்பெனியிலதான் பறக்கிறாங்க. மத்த கம்பெனி டிக்கெட் விலை ஏறி, அரசாங்கம் வந்து 7,500 ரூபாய்லேருந்து 18,000 ரூபாய் வரைக்கும் தூரத்துக்குத் தக்க உச்சவரம்பு கட்ட வேண்டியதாப் போச்சு.

இதுக்கு அரசாங்கம் என்ன செஞ்சுது? அபராதம் பின்னாடி வந்துது, 22 கோடியே 20 லட்சம். ஆனா முதல்ல கொடுத்தது என்ன தெரியுமா? அந்தக் கம்பெனிக்கு மட்டும் ஓய்வு விதியில பிப்ரவரி 10 வரைக்கும் சலுகை. அதாவது, ஆள் எடுக்காதது முதலாளி, கண்ணு முழிச்சு ஈடுகட்டறது பைலட்டு.

இது எனக்குப் புதுசா தெரியல. எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் நெல் அறுக்கிற மிஷின் வெச்சிருந்தாரு. நல்ல வருமானம்னு ரெண்டாவது மிஷினும் வாங்கினாரு. ரெண்டு மிஷினுக்கும் டிரைவர் ஒரே பையன். பகல்ல ஒண்ணு, ராத்திரியில இன்னொண்ணு. நாலாம் நாள் விடியக்காலையில புது மிஷினைக் கொண்டுபோய் வாய்க்கால்ல இறக்கிட்டான். மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஓட்டினவன் ஒழுங்கா தூங்கி மூணு நாள் ஆச்சு. அவ்வளவுதான். தரையில ஓடற மிஷின் வாய்க்கால்ல இறங்குச்சு, ஆளு பொழைச்சான். ஆகாசத்துல ஓடறது எங்க இறங்கும்?

இன்னொரு அநியாயத்தையும் சொல்லணும். ஃபிளைட்டு ரத்தாச்சுன்னா கோபத்தோட நாம யார்கிட்ட போறோம்? கவுன்டர்ல நிக்கிற இருபத்திரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட. எங்க ஊர்ல ஒரு பொண்ணு, எனக்குப் பேத்தி முறை, டிகிரி முடிச்சிட்டு ஒரு விமான கம்பெனி கவுன்டர்ல காண்டிராக்ட் வேலையில இருந்தா. பேர் வேண்டாம். ஃபிளைட்டு எப்ப வரும்னு அவளுக்கே யாரும் சொல்ல மாட்டாங்களாம். கம்ப்யூட்டர்ல வர்றதைப் படிக்கிறதுதான் வேலையாம். "தாத்தா, திட்டறவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க இடத்துல இருந்தா நானும் திட்டுவேன். ஆனா என்னால ஒரு தண்ணி பாட்டில் கூட எடுத்துக் கொடுக்க முடியாது, மேல கேக்கணும்"னா. எட்டு மாசத்துல வேலையை விட்டுட்டா.

பாருங்க வேலையை. டிக்கெட் வாங்கினவன் ஒரு பக்கம், சம்பளத்துக்கு நிக்கிறவ ஒரு பக்கம், ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிறாங்க. முடிவு எடுத்தவன் கண்ணுலயே படறதில்ல. கரும்பு ஆலை வாசல்லயும் இதேதான் நடக்கும். ஒரு ஆலையில எங்களுக்கு ரெண்டு பட்டத்துக் கரும்புப் பணம் பாக்கி. கேக்கப் போனா வாட்ச்மேனோடதான் மல்லுக்கு நிக்கணும். அவனுக்கும் அங்கே சம்பள பாக்கி. அந்த வருஷம்தான் ஆலைக்குள்ள புது மிஷின் இறங்குச்சு. பூஜை போட்டுப் பொங்கல் கொடுத்தாங்க.

ரத்து பண்ணினா நஷ்ட ஈடு உண்டுன்னு டிஜிசிஏ விதியிலயே இருக்கு. முன்கூட்டியே சொல்லாம ரத்து பண்ணி, வேற ஏற்பாடும் ஒழுங்கா பண்ணலேன்னா, ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கிற பயணத்துக்கு 5,000 ரூபாய், ரெண்டு மணி நேரம் வரைக்கும் 7,500, அதுக்கு மேல 10,000. இல்லேன்னா டிக்கெட்டோட அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து, எது குறைச்சலோ அது. ஆனா "எங்க கையை மீறின காரணம்"னு கம்பெனி காட்டிட்டா அதுவும் இல்ல. எங்க பக்கத்து ஜனங்கள்ல எத்தனை பேருக்கு இந்த விதி இருக்கிறது தெரியும்? கேட்டாத்தான் கொடுப்பேன்கிறது, கொடுக்க மாட்டேன்னு சொல்றதுக்குச் சமம்.

இப்ப மானியக் கணக்குக்கு வர்றேன். உடான் திட்டம் 2016-ல அறிவிச்சது. ஒரு மணி நேரப் பயணம் 2,500 ரூபாய், பாதி சீட்டுக்கு. கம்பெனிக்கு வர்ற நஷ்டத்தை மூணு வருஷத்துக்கு நிரப்பித் தருவாங்க. அந்தக் காசு பெரும்பாலும் மத்த ஃபிளைட்டு மேல போடற வரியிலேருந்து வருது. சேதி நல்ல சேதிதான். ஆனா 2023-ல சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை என்ன சொல்லுச்சு? மூணாவது கட்டம் வரைக்கும் கொடுத்த 774 வழித்தடத்துல 403 ஆரம்பிக்கவே இல்ல. ஆரம்பிச்ச 371-ல, மூணு வருஷத்தை முழுசா ஓட்டினது 112. அதுக்கு அப்புறமும் 2023 மார்ச் வரைக்கும் நின்னது 54. மானியம் நின்னதும் விமானமும் நின்னுடுது. நெய்வேலியும் அந்தத் திட்டத்துல இருந்த பேர்தான். அங்க எந்த விமானம் வந்து போகுது?

நூறு விதை போட்டு ஏழு முளைச்சா, எந்த விவசாயியும் அடுத்த பட்டத்துக்கு அதைவிட விலை அதிகமான விதை வாங்க மாட்டான். மண்ணைப் பாப்பான், தண்ணியைப் பாப்பான். இவங்க என்னடான்னா விதை பாக்கெட்டை மாத்துறாங்க.

இதுல நமக்கு நேரா வர்ற ஆபத்து நிலம். லாஸ்பேட்டை ரன்வே நீளம் சுமார் 1,500 மீட்டர். இப்ப வர்ற ஏ.டி.ஆர். புரொப்பெல்லர் விமானத்துக்கு அது போதும். எழுபது, நூறு சீட்டு ஜெட்டு தினமும் வரணும்னா நீட்டியாகணும். நீட்டறதுக்கு நிலம் நம்ம விழுப்புரம் மாவட்டம் வானூர்ப் பக்கம் வேணும்னு ரொம்ப வருஷமா பேச்சு நடக்குது. புது ஜெட்டுப் பேச்சு வலுத்தா இந்தப் பேச்சும் வலுக்கும். கம்பெனி அஞ்சு வருஷத்துல வரும், போகும். குத்தகை விமானத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடும். எடுத்த நஞ்சையை யார் திருப்பிக் கொடுப்பாங்க? எங்க திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதைக்கு 2006-07-ல அனுமதி கிடைச்சுது. இருபது வருஷம் ஆகப் போகுது, இன்னும் ரயில் ஓடல. அறிவிப்பை நம்பி நிலத்தைக் கொடுக்கிறதுக்கு எங்களுக்குத் தெம்பு இல்ல.

அதனால நான் கேக்கறது ஜெட்டு வேண்டாம்னு இல்ல. வரிசையை மாத்துங்கன்னு கேக்கறேன். மானியமோ நிலமோ கேக்கிற கம்பெனி, முதல்ல தன் ஆளுங்க சம்பளமும் பி.எஃப். பணமும் பாக்கி இல்லேன்னு கணக்கு காட்டட்டும். காண்டிராக்ட்ல இருக்கிறவங்க கணக்கும் அதுல இருக்கணும். ஓய்வு விதியில எந்தக் கம்பெனிக்கும் சலுகை கூடாது. ஆள் இல்லேன்னா ஃபிளைட்டைக் குறைக்கட்டும், தூக்கத்தைக் குறைக்கக் கூடாது. ரத்தானா நஷ்ட ஈடு கேக்காமலே டிக்கெட் வாங்கின கணக்குல விழணும். கவுன்டர்ல நிக்கிற பிள்ளைக்கு ரூம் போட்டுக் கொடுக்கிற, சாப்பாடு வாங்கிக் கொடுக்கிற அதிகாரமாவது இருக்கணும். மூணு வருஷ மானியத்தை வாங்கிட்டு ஓடினா வட்டியோட திருப்பி வாங்கணும். இதெல்லாம் எழுத்துல வந்த பிற்பாடு எங்க வரப்புப் பக்கம் அளக்க வாங்க, உக்காந்து பேசலாம்.

எங்க கழனியில நடவுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு அன்னைக்குச் சாயங்காலமே கூலி. விளைச்சல் வந்தப்புறம் தர்றேன்னு சொன்னா மறுநாள் ஒருத்தி வர மாட்டா. நாலு ஏக்கர்க்காரனுக்கே இந்த நியாயம் இருக்கும்போது, ஆயிரம் கோடியில ஜெட்டு வாங்கறவனுக்கு இருக்காதா?