இரண்டாவது கார் என்றால் இளக்காரமா?

கிழக்கு தாம்பரத்தில் குடியிருக்கும் இல்லத்தரசி நான். பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டு வருடமாகிறது. என் வீட்டுக்காரர் காலையில் காரை எடுத்துக்கொண்டு மறைமலை நகருக்கு வேலைக்குப் போய்விடுவார். பிள்ளைகள் இருவரையும் சேலையூரில் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாமியாரை குரோம்பேட்டைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் என் பொறுப்பு. ஸ்கூட்டரில் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு அலைய பயமாக இருந்ததால், பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்தோம்.

புரோக்கர் ஒருவர் 2016 மாடல் வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். மற்ற இடங்களில் மூன்று லட்சம் சொன்ன அதே வண்டி, இவரிடம் இரண்டே கால் லட்சம். "ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும்தானே, உனக்கு இது போதும்" என்று என் வீட்டுக்காரர் அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகிவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கதவைத் திறந்ததும் வாசனை ஸ்பிரே மூக்கைத் துளைத்தது. வீட்டில் ஏதாவது நாற்றத்தை மறைக்கத்தானே நாம் இரண்டு ஊதுபத்தி சேர்த்துக் கொளுத்துவோம்? எங்கள் தெரு மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, சீட் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுங்க" என்றார். இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பாதியில் காய்ந்த சேற்றுக் கறை! விரிப்பைத் தூக்கினால் சீட்டுக்கு அடியில் ஒரே துரு. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் மண். "இது வெள்ளத்துல முங்கின வண்டிக்கா" என்றார் அவர்.

நம்ம பக்கத்தில் இது அதிசயமில்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியதை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அப்படி நனைந்த வண்டிகளில் சில, கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்துவிடுகின்றன. வயரிங்கில் தண்ணீர் புகுந்தால் அன்றைக்கே தெரியாது. உள்ளுக்குள் அரித்து, ஒருநாள் நடுரோட்டில் காலை வாரும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். அந்த வண்டியில் ஒரு ஏர்பேக்கூட இல்லை. நம் நாட்டில் தயாராகும் கார்களில் ஓட்டுபவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு 2021 கடைசியில். அதற்கு முந்தைய விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. 2014-ல் இங்கே விற்ற ஐந்து சின்ன கார்களை, ஏர்பேக் இல்லாமல் 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தார்கள். பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்குமே ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். "நீங்க தனியா போற வண்டியில ரெண்டு ஏர்பேக் இருக்கு. நம்ம பிள்ளைங்களும் உங்க அம்மாவும் போற வண்டி மட்டும் எப்படியிருந்தாலும் பரவாயில்லையாங்க?" மனுஷர் பதில் பேசவில்லை. மறுநாள் கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டு மின்சார ரயிலில் வேலைக்குப் போனார். அவசரம் இல்லாததால் இரண்டு மாதம் பொறுத்துத் தேடினோம். 2020-ல் தயாரான, இரண்டு ஏர்பேக் உள்ள சின்னக் கார் கிடைத்தது. விலை கூடத்தான். என் நகைச்சீட்டுப் பணத்தைப் போட்டேன். வருத்தமில்லை.

தோழிகளே, பழைய கார் வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்நூறு, ஆயிரம் ஆனாலும், விற்பவருக்கு வேண்டாத மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணில் வயது தெரியும்; 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். வண்டி மேல் கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடலாம். ஆர்.சி. புத்தகத்தோடு இன்ஷூரன்ஸையும் மறக்காமல் பெயர் மாற்றுங்கள். பணம் பற்றாவிட்டால் சீட் கவர், பாட்டுப் பெட்டியை விட்டுவிடுங்கள். பாதுகாப்பில் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சமைக்கக் கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டியை மட்டும் "ஆம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்கி நிற்கலாமா?

- ஒரு வாசகி, கிழக்கு தாம்பரம்.