பிள்ளைக்கு ‘இரண்டு கோடு’... பெற்றோருக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்?

காலை ஏழு மணி. சோதனைக் கருவியில் இரண்டு கோடு. பாலர் பள்ளிக்குத் தகவல் சொல்லியாச்சு, மேலதிகாரிக்கு வாட்ஸ்அப் அனுப்பியாச்சு. இனி?

2022 பிப்ரவரி 22ஆம் தேதி ஒரே நாளில் சிங்கப்பூரில் 26,032 பேருக்குக் கிருமித்தொற்று உறுதியானது. ஓமக்ரான் அலையில் தொற்றுக்கு ஆளானோரில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமடைந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. 5 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அப்போது தடுப்பூசியே வந்திருக்கவில்லை.

இந்த நாள்களை எப்படிக் கழிப்பது என்று தேடினால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. சேர்ந்து சமையுங்கள், யோகாசனம் செய்யுங்கள், சிரித்த முகத்தோடு இருங்கள்... எதுவும் தப்பில்லை. ஆனால் இதையெல்லாம் செய்ய ஒரு பெற்றோருக்கு நேரம் வேண்டும், கொஞ்சம் இடம் வேண்டும், தோள் கொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த மூன்றும் இல்லாதவரிடம் “உற்சாகமா இருங்க”ன்னு சொன்னால் கோபம்தான் வரும்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம்.

ஏழு நாளா, ஆறு நாளா?

2022 தொடக்கத்தில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிமைக்காலம் 7 நாளாக இருந்தது. அறிகுறி லேசாக இருந்தால், 72 மணி நேரத்துக்குப் பிறகு ஏஆர்டி விரைவுப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்ததும் அதற்கு முன்பே வெளியே வர முடிந்தது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த இரண்டாம் கோடு அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை.

இனி விடுப்புக் கணக்கு. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக, 7 வயதுக்குக் கீழ் இருந்தால் தாய்க்கு ஆண்டுக்கு 6 நாள், தந்தைக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று பிள்ளை இருந்தாலும் அதே 6 நாள்தான். 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளை மட்டும் இருந்தால் 2 நாள். பிள்ளை குடிமகனாக இல்லாவிட்டாலும் 2 நாள்தான்.

ஏழு நாள் தனிமையில் வேலை நாள் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லா நாளும் விடுப்பு எடுத்தால், மார்ச் மாதமே அவர் கையில் மிச்சம் ஒரு நாள். இரண்டாவது பிள்ளைக்கு அடுத்த வாரம் தொற்றினால் அது ஆண்டு விடுப்பில்தான் கை வைக்கும்.

பெற்றோருக்கே தொற்று என்றால் அது வேறு கதை. அது மருத்துவ விடுப்பில் சேரும். லேசான அறிகுறி உள்ள ஊழியர்களிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்க வேண்டாம் என்று 2022இல் மனிதவள அமைச்சும் முதலாளிகளைக் கேட்டுக்கொண்டது. ஆக, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு உண்டு. பிள்ளைக்கு மட்டும் காய்ச்சல் வந்தால் உங்கள் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். மடியில் பிள்ளை, மேசையில் ஸூம் கூட்டம் என்று பலர் சமாளிப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கணக்கு இருவருக்கும் சமம் என்று சட்டம் சொல்கிறது. வீட்டில் அப்படி நடக்கிறதா? “அம்மா லீவு போடட்டும், அப்பாவுக்கு முக்கியமான மீட்டிங்” என்பது எத்தனை வீட்டில் பேசாமலேயே முடிவாகிவிடுகிறது! அப்பாவுக்கும் அதே 6 நாள் இருக்கிறது. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று மாற்றி எடுத்தால் இரண்டு பேருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

‘தனி அறை’ என்ற கனவு

தொற்றியவர் தனி அறையில் இருக்க வேண்டும், முடிந்தால் தனிக் கழிவறை. பெரியவர்களுக்குப் பொருந்தும் ஆலோசனை. மூன்று வயதுப் பிள்ளையை அறையில் விட்டுக் கதவைச் சாத்த முடியுமா? 2022இல் 6 வயதுக்குக் கீழ் முகக்கவசமும் கட்டாயமாக இருக்கவில்லை. கொடுத்தாலும் அது இரண்டு நிமிடத்தில் தாடைக்கு வந்துவிடும்!

நாலறை வீவக வீடு சுமார் 90 சதுர மீட்டர். மூவறை வீடு 60 முதல் 65. அதற்குள் தாத்தா பாட்டியும் இருந்தால் யாரை எங்கே பிரிப்பது? பல குடும்பங்கள் தலைகீழாக யோசிக்கின்றன: பிள்ளையைத் தனிமைப்படுத்த முடியாது, அதனால் பாட்டிக்குத் தனி அறை. சன்னல்களைத் திறந்து வைத்து, ஒருவர் மட்டும் பிள்ளையோடு நெருங்கி இருப்பார். நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனை. ஆனால் அந்த ‘ஒருவர்’ ஏழு நாளும் ஒரே ஆளாக இருந்தால் மூன்றாம் நாளே துவண்டுவிடுவார்.

எவ்வளவு அசைய வேண்டும்?

காய்ச்சல் அடிக்கும்போது உடற்பயிற்சி வேண்டாம். பிள்ளைக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். படுத்துக்கொண்டு கதை சொல்லுங்கள், அது போதும்.

உண்மையான சோதனை காய்ச்சல் விட்ட பிறகுதான். பிள்ளைக்குச் சக்தி திரும்பிவிடும், கதவு மட்டும் திறக்காது. ஒன்று முதல் 4 வயது வரையிலான பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கேட்டதும் தலை சுற்றும். ஆனால் நடப்பது, தவழ்வது, நாற்காலியில் ஏறி இறங்குவது எல்லாமே அதில் சேரும்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. முன்பு ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற விதி இருந்தது. 2020இல் வந்த புதிய வழிகாட்டியில் அந்த விதியே இல்லை. இரண்டு நிமிடம் ஆடினாலும் கணக்கில் சேரும். பெற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ‘முக்கால் மணி நேரம் கிடைத்தால் பயிற்சி செய்யலாம்’ என்று காத்திருக்க வேண்டாம், அது கிடைக்கவே கிடைக்காது.

தரையில் டேப் ஒட்டிப் பாண்டி ஆடலாம். பழைய துண்டைக் காலடியில் போட்டுச் சறுக்கிக்கொண்டே வீடு துடைக்கலாம். குதிப்பதாக இருந்தால் மெத்தைமேல் குதிக்கட்டும், கீழ்வீட்டுக்காரரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்! உட்கார்ந்து விளையாட அலமாரிமேல் தூசி படிந்திருக்கும் சோங்காக் பலகையை எடுங்கள். நம்ம பல்லாங்குழிக்குச் சொந்தக்கார விளையாட்டு அது. முட்டை அட்டையும் கொஞ்சம் பயறும் இருந்தாலும் ஆடலாம்.

இன்னொன்று. 2022இல் தொற்று இல்லாத பெற்றோர் அன்றன்று பரிசோதித்து, ‘நெகட்டிவ்’ என்றால் வெளியே செல்ல முடிந்தது. பலர் இதை மளிகை வாங்க மட்டும் பயன்படுத்தினார்கள். பையில்லாமல் ஒரு தடவை இறங்கிப் பாருங்களேன். புளோக்கைச் சுற்றி இருபது நிமிடம் நடந்துவிட்டு வருபவர் வேறு ஆளாக வருவார். திரும்பியதும் அடுத்தவர் முறை.

சிரித்த முகம் கட்டாயமா?

இல்லை. பிள்ளைகள் போலிச் சிரிப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். “அம்மாவுக்கும் தலைவலிக்குது. பத்து நிமிஷம் படுத்துக்கிறேன், பெரிய முள் ஆறுக்கு வந்ததும் எழுப்பு” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு அது ஒரு வேலை. உங்களுக்குப் பத்து நிமிடம். அந்த வாரத்தில் கார்ட்டூன் நேரம் கூடித்தான் போகும். போகட்டும், பெற்றோரின் தூக்கம் அதைவிட முக்கியம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

பெற்றோரின் மனச்சோர்வு பற்றி 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெல்ஜிய ஆய்வாளர்கள் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் ஆகியோர் வழிநடத்தியது. 42 நாடுகளில் 17,409 பெற்றோர் பங்கெடுத்தனர். சோர்வு அதிகமாகத் தெரிந்தது ஏழை நாடுகளில் அல்ல. ‘அவரவர் குடும்பம் அவரவர் பாடு’ என்று வாழும் வசதியான மேற்கத்திய நாடுகளில்தான்.

வீட்டுத் தனிமை அந்த நிலைமையை ஒரு வாரத்துக்கு எல்லார் வீட்டிலும் கொண்டுவந்துவிடுகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா வர முடியாது. பணிப்பெண் இருந்தால் அவருக்கும் தொற்றலாம், அவருக்கும் ஓய்வு வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு மாற்றாள் என்ற பேச்சே இல்லை.

அதனால்தான் உதவியை வாசல் கதவு வரை வரவழைக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கதவுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போகும் கஞ்சி, மாமியார் அனுப்பும் ரசம், மாலையில் அரை மணி நேரம் காணொளியில் பேரனுக்குக் கதை சொல்லும் தாத்தா. “எதுவும் வேணுமா?” என்று கேட்பவரிடம் “பரவாயில்லைங்க” என்று சொல்வது நம் பழக்கம். இந்த வாரம் மட்டும் “ஆமா, இரவுச் சாப்பாடு” என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியே, வேலையிடத்தின் விடுப்புச் செயலியைத் திறந்து, உங்களுக்கும் துணைக்கும் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்து வையுங்கள். தம்பிக்கும் இரண்டு கோடு வந்தால் அவனுக்கு நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.