கற்பிக்கக் கற்றுத்தராத செவிலியர் கல்வி

ஊசி போடத் தெரிந்தவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்பது இந்நாட்டுச் செவிலியர் கல்வியில் வேரோடிய மூடநம்பிக்கை. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கு வார்டு தெரியும் என்பது அதன் இரட்டைப் பிறவி. இரண்டுமே பொய். இரண்டினாலும் அல்லற்படுபவர் கட்டிலில் கிடக்கும் நோயாளி.

வித்துராவைப் பார்த்தால் போதும். பொன்முடி மலையடிவாரத்துச் சிற்றூர். இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐசர்) திருவனந்தபுரம் வளாகம் இங்கேதான் இருக்கிறது. நாட்டின் உயர் அறிவியல் கல்வி காட்டோரம் வரை வந்துவிட்டது. அதே ஊரின் அரசு மருத்துவமனைக்குக் காணிக்காரர் குடியிருப்புகளிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் மக்கள் இறங்கி வருகிறார்கள். அத்தகைய மருத்துவமனையில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய செவிலியருக்கு, பாம்பு கடித்தவரின் இமை தொய்யத் தொடங்கினால் அடுத்துத் தளரப்போவது மூச்சு என்பது தெரியும். மருத்துவரை அழைக்கும்போதே அவர் கை பிராணவாயுவைத் தயார் செய்துகொண்டிருக்கும்.

ஆனால் அருகில் நிற்கும் மாணவிக்கு அதை அவர் எப்படிச் சொல்லித்தருவார்? செவிலியரின் அனுபவ வளர்ச்சியை ஆராய்ந்து 1984இல் நூல் வெளியிட்ட பாட்ரிசியா பென்னர் சுட்டிய சிக்கல் இதுதான். புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தேர்ந்தவரோ முழு நிலைமையையும் ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறார். அப்படி அறிந்ததைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வது அவருக்கே கடினம். தேர்ச்சி கூடக்கூட அதைக் கற்பிக்கத் தனிப் பயிற்சியும் தேவைப்படுகிறது. அந்தப் பயிற்சியைத்தான் நம் அமைப்பு அவருக்குத் தர மறுக்கிறது.

இப்போதுள்ள வழி என்ன? கல்லூரி ஆசிரியராக உயர வேண்டுமென்றால் இரண்டாண்டு முதுகலை படிக்க வேண்டும். அதில் சேர ஓராண்டுப் பணி அனுபவம் போதும். அப்படிப்பில் கற்பித்தல் ஒரு பாடம் மட்டுமே. மற்றவை சிறப்புத்துறை, ஆய்வு, மேலாண்மை. குழந்தையையும் வீட்டுக் கடனையும் இரவுப் பணியையும் சுமக்கும் நாற்பது வயதுச் செவிலியருக்கு அக்கதவு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. விளைவு, வார்டை அறிந்தவர் வகுப்புக்கு வருவதில்லை; வகுப்பை நடத்துபவர் வார்டை விட்டு விலகிக்கொண்டே போகிறார். கேரளத்தில் தாலுகா மருத்துவமனைகள் ஓர் இயக்ககத்தின் கீழும் அரசு செவிலியர் கல்லூரிகள் வேறோர் இயக்ககத்தின் கீழும் இருப்பது இப்பிளவுக்கு முத்திரையே குத்திவிட்டது.

மருத்துவர்கள் விஷயத்தில் நாடு விழித்துக்கொண்டது. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் 1970களிலேயே தொடங்கியது. இன்று மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு அடிப்படைக் கற்பித்தல் பயிற்சி கட்டாயம். அது சில நாள் பயிற்சிதான். ஆயினும், கற்பித்தல் தனியே கற்க வேண்டிய தொழில் என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. பள்ளி ஆசிரியரிடம் பி.எட். கேட்கும் அரசு, உயிர்காக்கும் தொழிலைக் கற்பிப்பவரிடம் அதற்கு இணையான ஒன்றைக் கேட்பதுமில்லை, தருவதுமில்லை.

2023இல் நடுவண் அரசு 157 புதிய செவிலியர் கல்லூரிகளை அறிவித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 இடங்கள். அதாவது கல்லூரிக்கு நூறு. நான்காண்டுப் படிப்பில் ஒவ்வொன்றிலும் நானூறு மாணவர் நிறைவர். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதிப்படி மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. கற்பிப்பவர் எங்கிருந்து முளைப்பார்?

பட்டதாரிச் செவிலியருக்கான ஓராண்டுக் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பே இதற்கு விடை. வேலையை விடாமல் படிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். பாடத்தைத் திட்டமிடுதல், படுக்கையருகே கற்பித்தல், செய்முறையை மதிப்பிடுதல், தவறைச் சிறுமைப்படுத்தாமல் திருத்துதல் ஆகியவை அதன் உள்ளடக்கமாகட்டும். முடித்தவருக்கு மருத்துவமனைப் பயிற்றுநர் என்ற பதவியும் அதற்குரிய ஊதியமும் கிடைக்கட்டும். செவிலிய ஆசிரியருக்குரிய திறன்களை உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே வரையறுத்துத் தந்திருக்கிறது; பாடத்திட்டத்தை வெறுந்தரையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

சான்றிதழ் வந்தால் முதுகலையின் மதிப்பு குறையும் என்பர் சிலர். ஆய்வுக்கும் கல்லூரித் தலைமைக்கும் முதுகலை இருக்கட்டும். அதை யாரும் பறிக்கவில்லை. வார்டுக்கு அனுப்பப்படும் மாணவியருக்கு அங்குள்ள செவிலியர்கள் இன்றும் கற்பித்துக்கொண்டுதானிருக்கிறார்கள், பெயரின்றி, ஊதியமின்றி, பயிற்சியின்றி. கோரப்படுவது புதிய சலுகை அன்று. நடந்துகொண்டிருக்கும் உழைப்புக்கு அறிவும் அங்கீகாரமும்.

பணியிலிருந்த செவிலியருக்கான இரண்டாண்டுப் பட்டப்படிப்பை 1963இல் தொடங்கிய ஊர் திருவனந்தபுரம். அன்று அந்நகரம் எடுத்த அடியை இன்று அதன் மலையடிவாரம் வரை நீட்டுவது கடினமன்று. ஐசர் ஏறிவந்த அதே சாலையில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு வர முடியாதென்றால், தடையாக நிற்பது மலை அல்ல. செவிலியரின் அறிவை அறிவென மதிக்க மறுக்கும் மனம்.