பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பலாமா?



பள்ளி ஆண்டு விழாவோ, ஊர்ப் பொங்கல் விழாவோ, எதுவானாலும் மைக் செட் இல்லாமல் நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வாடகை கொடுப்பதைவிட நாமே ஒரு செட் வாங்கிவிடலாம் என்று இளைஞர் மன்றங்களில் பேச்சு எழுவதுண்டு. அப்போது கட்டாயம் ஒருவர் சொல்வார்: “கார் ஆம்ப்ளிஃபயர் மலிவாகக் கிடைக்கிறது. 1000 வாட் என்று அதன்மேலேயே போட்டிருக்கிறது. வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுத்தால் போதும். ரேக்கில் பொருத்தும் பெரிய ஆம்ப்ளிஃபயர் எதற்கு?”

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் ஆம்ப்ளிஃபயர் வண்டியில் இருக்கட்டும். மின் இணைப்பு உள்ள அரங்கத்திற்கு அது வேண்டாம். காரணங்கள் எல்லாம் உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

கார் ஆம்ப்ளிஃபயர் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் அதன் ஒலியும் தெளிவாகவே இருக்கும். தனக்கு வரும் மின்சாரம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பது ஸ்பீக்கருக்குத் தெரியாது. சிக்கல் வெளியே போகும் பக்கத்தில் இல்லை. உள்ளே வரும் பக்கத்தில் இருக்கிறது.

12 வோல்ட்டின் எல்லை

மேடை ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 8 ஓம். ஒன்றுக்கு 200 வாட் கொடுக்க எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும்? திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. ஆகவே 200-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 40 வோல்ட். பாட்டரியிலோ 12 வோல்ட்தான் உண்டு. அதை நேரடியாகப் பயன்படுத்தினால், மிகச் சிறந்த சுற்றிலும் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 9 வாட்டுக்குமேல் கிடைக்காது.

அதனால் பெரிய கார் ஆம்ப்ளிஃபயர்களில், 12 வோல்ட்டை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து, சிறு மின்மாற்றி வழியாக உயர்த்தும் பகுதி ஒன்று இருக்கும். இப்போது மன்றத்து நண்பரின் யோசனையைப் பாருங்கள். சுவரில் இருக்கும் 230 வோல்ட்டை 12-க்கு இறக்குகிறோம். பெட்டிக்குள் அதை மறுபடி உயர்த்துகிறோம். மாடிக்குப் போக வேண்டியவன் முதலில் கிணற்றில் இறங்கி ஏறுவதைப் போன்றது இது! ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகும். ரேக் ஆம்ப்ளிஃபயரோ தனக்கு வேண்டிய மின்னழுத்தத்தை 230 வோல்ட்டிலிருந்து நேராகவே பெற்றுக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். அவற்றுக்குக் கணக்கிட்ட வாட் அளவையே பெட்டியில் அச்சிடுகிறார்கள். 4 ஓமுக்கு 200 வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர், 8 ஓம் மேடை ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 100 வாட்தான் கொடுக்கும்.

கம்பியில் போகும் சக்தி

ஓர் ஆம்ப்ளிஃபயர் 960 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதற்குச் சுமார் 4.2 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 80 ஆம்பியர் வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியை 5 மீட்டர் தூரத்திற்குப் போடுவோம். போக, வர 10 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.07 ஓம். 4.2 ஆம்பியர் பாய்ந்தால் கம்பியில் வீணாவது ஒரு வாட்டுக்குச் சற்று அதிகம். 80 ஆம்பியர் பாய்ந்தால் 448 வாட்! 12 வோல்ட்டில் 5.6 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யாது, கம்பி கொதிக்கும். மின்னோட்டம் 19 மடங்கானால் வெப்பம் ஏறத்தாழ 360 மடங்காகிறது. மின்வாரியம் தொலைதூரத்திற்கு மிக உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்புவதும் இதனால்தான்.

80 ஆம்பியர் தரும் 12 வோல்ட் கருவியின் விலையைக் கூட்டிப் பாருங்கள், கார் ஆம்ப்ளிஃபயரின் மலிவு மறைந்துவிடும். சாதாரண பாட்டரி சார்ஜரை மட்டும் வைத்து ஒப்பேற்றலாம் என்றால், அதன் மின்னோட்டம் சீராக இராது. ஸ்பீக்கரில் ஓயாத ஓர் உறுமல் கேட்கும்.

ஃப்யூஸ் சொல்லும் உண்மை

கடையில் “1500 வாட்” என்று எழுதிய கார் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினால், அதிலுள்ள ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்று இருக்கிறதா? இயந்திரம் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். 14-ஐ 30-ஆல் பெருக்கினால் 420 வாட். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகிறது. பிறகு 1500 வாட் எங்கிருந்து வெளியே வரும்? ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச அளவுகளைக் கூட்டி எழுதிய எண்ணாக அது இருக்கலாம். ரேக் ஆம்ப்ளிஃபயர் விற்பவர்களிலும் இப்படி எழுதுவோர் உண்டு. ஆகவே, “8 ஓமில், இரண்டு பக்கமும் சேர்ந்து இயங்கும்போது, தொடர்ந்து எத்தனை வாட்?” என்று கேளுங்கள்.

பெரிய எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம். வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்க, ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

எது எங்கே?

தெருத்தெருவாக அறிவிப்புச் செய்யும் வண்டிக்கும், மின் இணைப்பில்லாத திடலில் நடக்கும் சிறு கூட்டத்திற்கும் 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயரே சரி. பாட்டரி அருகில் இருக்கிறது, கம்பி குட்டை, பேச்சுக்குப் புனல் ஸ்பீக்கரும் சில பத்து வாட்டும் போதும். அங்கே ரேக் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிச் சென்று இன்வெர்ட்டரில் மாட்டுவதும் அதே கிணற்றில் இறங்கும் வேலைதான்.

எதை வாங்கினாலும் உயிர் முக்கியம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் கூடாது. பாட்டரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பானர் தொட்டுவிட்டால், பல நூறு ஆம்பியர் பாய்ந்து அது பழுக்கக் காய்ந்துவிடும். பாட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் வேண்டும். ரேக் ஆம்ப்ளிஃபயரில் உறுமல் கேட்டால், அதை நிறுத்தச் சிலர் எர்த் முனையையே துண்டித்துவிடுகிறார்கள். ஒருநாளும் இதற்கு உடன்படாதீர்கள். பழுது ஏற்பட்டால் மைக்கைப் பிடித்து நிற்பவர் உடலில் 230 வோல்ட் பாயக்கூடும்.

ஓம் தம் விதியை 1827-லும், ஜூல் தம் விதியை 1841-லும் வெளியிட்டார்கள். தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறப்பதற்காக நாம் அவற்றைப் படிக்கவில்லை. மன்றத்தின் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் பெரியவர்களுடன் நீங்களும் போங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும். ஃப்யூஸைப் பார்த்து ஒரு பெருக்கல், கம்பியைப் பார்த்து ஒரு பெருக்கல். பிறகு விலையைப் பேசுங்கள்.