புது டயர் முன் சக்கரத்துக்குத்தான்

சைக்கிளின் பின் டயர் மொட்டையாகிவிட்டது. சம்பளம் கைக்கு வந்ததும் ஒருவர் கடைக்குப் போய் ஒரே ஒரு டயர் வாங்குகிறார். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் “பின்னாடி மாட்டுங்க” என்று சொல்லிவிடுகிறார். முன் சக்கரத்தில், சைக்கிள் வாங்கிய அன்று வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் பீன்யா, ஒயிட்ஃபீல்டு, சிவாஜிநகர் என்று எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் இதுதான் வழக்கம். இதைவிடச் சிக்கனமானவர்களும் உண்டு. கழற்றிய பின் டயரைத் தூக்கி எறிய மனம் வராமல், அதைக் கொண்டுபோய் முன்னால் மாட்டச் சொல்கிறார்கள்!

இந்த வழக்கம் தவறு. புது டயர் முன் சக்கரத்துக்குப் போக வேண்டும். முன்னால் இருந்த டயர் பின்னால் போக வேண்டும்.

இப்படிச் சொன்னால் கடைக்காரரே சிரிப்பார். “பாரம் தாங்குவது பின் சக்கரம். மிதிக்கிற விசையும் அங்கேதான் இறங்குகிறது. தேய்வதும் அதுதான். தேய்ந்த இடத்தில்தானே புதுசு போட வேண்டும்?” என்று கேட்பார். அவர் சொல்வதில் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பின் டயர்தான் சீக்கிரம் தேய்கிறது. ஆனால் தேய்மானம் வேறு, பிடிமானம் வேறு. எந்தச் சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவான் என்பதுதான் இங்கே கேள்வி.

வளைவில் பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிளின் வால் ஒரு பக்கம் ஒதுங்கும். ஓட்டுகிறவர் காலை ஊன்றிப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்வார். முன் சக்கரம் வழுக்கினால் அப்படி அவகாசம் கிடைக்காது. திருப்பத்தை நடத்துவது அந்தச் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்து அதன் மேல்தான் விழுகிறது. அது பிடியை விட்டால் ஹாண்டில் பார் கையை விட்டுப் போகிறது. காலை எடுப்பதற்குள் தோள் தரையில் மோதிவிடுகிறது. சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிவது காறை எலும்பும் மணிக்கட்டும். காறை எலும்பு கூட ஆறு வாரமாவது ஆகும். ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு ஏதோ ஒரு தொகை வரும். அது இல்லாமல் நாள் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த ஆறு வாரமும் அடுப்பு எரிவது எப்படி? சில நூறு ரூபாய் டயரை எந்தப் பக்கம் மாட்டுவது என்பது இவ்வளவு தூரம் போகிற விஷயம்.

இப்போது இந்தப் பேச்சுக்கு இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளிலும் குமாஸ்தாக்களின் வீடுகளிலும் பழைய கறுப்பு சைக்கிளின் இடத்தில் தடித்த டயரோடு மவுண்டன் பைக் நிற்கிறது. வாரம் முழுவதும் அதில் வேலைக்குப் போகிற இளைஞர், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நண்பர்களோடு ஊருக்கு வெளியே மண் பாதைக்குக் கிளம்பிவிடுகிறார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத பொழுதுபோக்கு, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண் தடம் லேசானதல்ல. அடியில் தரை கல்போல இறுகியிருக்கும். மேலே சரளை உருண்டுகொண்டிருக்கும். யூகலிப்டஸ் தோப்புக்குள் போனால் காய்ந்த இலைச் சருகு வேறு. இறக்கத்தில் வேகமாக வந்து வளைவில் சாயும்போது, முன் டயர்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்த இடத்திலும் டயர்தான் பிரதானமாக இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்த பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிறக்கத்தில் ஓட்டினார்கள். 1976 அக்டோபர் 21-ல் முதல் பந்தயம் நடந்தது. பெயர் ‘ரீபேக்’. இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர பிரேக்கின் கிரீஸ் வெந்து போகும். ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்ப அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. லேசான சைக்கிள்கள் கடையில் இருக்க, இந்தப் பழைய இரும்பை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பருத்த டயர். மெல்லிய டயர் அந்த மண்ணில் நிற்காது. பிற்காலத்தில் முன் சக்கரத்துக்கு ஒரு டயர், பின் சக்கரத்துக்கு ஒரு டயர் என்று தனித்தனியாகவே செய்ய ஆரம்பித்தார்கள். மேக்ஸிஸ் கம்பெனியின் ‘மினியன் டி.எச்.எஃப்.’ என்ற டயரின் பெயரில் உள்ள கடைசி எழுத்தே ‘முன்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத்தான் குறிக்கிறது. பலர் அதையே பின்னாலும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த மாதிரி டயர் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லோரும் அதை வாங்க வேண்டும் என்பதில்லை. என்ன பார்த்து வாங்குவது என்று தெரிந்தால், விலை குறைந்த டயரிலும் நல்லதைப் பொறுக்கிவிடலாம்.

முதலில் ஓரங்களைப் பார்க்க வேண்டும். டயர் மேல் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டைகளைக் கடைக்காரர்கள் பட்டன் என்பார்கள். நடுவில் உள்ள பட்டன்கள் நேராக ஓடுவதற்கும் பிரேக்குக்கும் உதவும். வளைவில் மண்ணைக் கவ்வுவது இரு ஓரத்து வரிசைகள். அவை பெரிதாக, சதுரமாக, விரலால் தள்ளினால் எளிதில் மடியாமல் இருக்க வேண்டும். நடுவரிசைக்கும் ஓர வரிசைக்கும் இடையே வெறும் பள்ளமாக விட்ட டயர்கள் உண்டு. நன்றாகச் சாய்த்து ஓட்டத் தெரிந்தவருக்கு அது பலமாகப் பிடிக்கும். அரைகுறையாகச் சாய்க்கிற புதியவர் அந்தப் பள்ளத்திலேயே தடுமாறுவார். அவருக்கு இடையில் சிறு பட்டன்கள் உள்ள டயரே நல்லது.

அடுத்தது ரப்பரின் பதம். மிருதுவான ரப்பர் கல்லையும் வேரையும் ஒட்டிப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் வருஷக்கணக்கில் உழைக்கும், ஈரத்தில் கைவிடும். உயர்ந்த ரக டயர்களில் இதற்கு ஓர் எண் உண்டு. 42, 50 என்றால் மிருது. 60, 70 என்றால் கெட்டி. எண் இல்லாத டயரில் நகத்தால் அழுத்திப் பார்ப்பதுதான் வழி. மெதுவாகத் தேயும் முன் சக்கரத்தில் மிருதுவானதையும், பின்னால் கெட்டியானதையும் போடுவதுதான் கணக்கு. அகலத்திலும் இதே கதைதான்: பின்னால் 1.95 அங்குலம் இருந்தால் முன்னால் 2.1, 2.2 என்று கொஞ்சம் அகலமாகப் போடலாம். ஃபோர்க் இடுக்கில் இருபுறமும் ஒரு பென்சில் நுழையும் இடம் மிஞ்ச வேண்டும்.

அளவில் ஏமாறுகிறவர்கள் அநேகம். “இருபத்தாறு இஞ்ச்” என்று மட்டும் சொல்லி வாங்கி வந்து, வீட்டில் மாட்ட முடியாமல் திண்டாடுகிறார்கள். 26 x 1.95 என்பதும் 26 x 1 3/8 என்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு ரிம்மின் அளவு 559 மில்லிமீட்டர், பின்னதற்கு 590. டயரின் பக்கச் சுவரில் 50-559 என்பது போல அச்சிட்டிருக்கும். பழைய டயரில் உள்ள அந்த மூன்று இலக்கத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் தொல்லையில்லை.

வாரம் முழுவதும் தார் ரோட்டிலேயே போகிறவருக்கு ஒரு வார்த்தை. பட்டன் பெரிதாக இருந்தால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மண்ணில் சரி, தாரில் இல்லை. அங்கே பட்டன்கள் வளைந்து நெளியும். ரோட்டைத் தொடுகிற ரப்பரும் குறைவு. லாரி, கார் போலத் தண்ணீரில் மிதந்து வழுக்கும் வேகம் சைக்கிளுக்கு வருவதே இல்லை. ஆகவே வேலைக்குப் போக மட்டும் பயன்படும் சைக்கிளுக்கு, பட்டன் இல்லாத வழவழப்பான டயரே மேல். ஜீப்ரா கோட்டுப் பெயின்டிலும் இரும்பு மூடியிலும் மட்டும், மழை நாளில் எந்த டயரும் நிற்காது. அங்கே சாய்க்காமல் நேராகப் போய்விட வேண்டும்.

நல்ல டயர் வாங்கியும் அதைக் கெடுப்பது காற்று. கல் மாதிரி அடித்தால்தான் பலருக்குத் திருப்தி. கல் மாதிரி இருக்கிற டயர் சரளை மேல் துள்ளுமே தவிர, பிடிக்காது. 65 கிலோ எடையுள்ளவர் 2.1 அங்குல டயரோடு மண் பாதைக்குப் போகும்போது 30-லிருந்து 35 பவுண்டு போதும்; பின்னதைவிட முன்னதில் இரண்டு மூன்று பவுண்டு குறைவாக இருக்கட்டும். டயரில் குறைந்த அளவு என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் கடிபட்டுப் பங்சராகும்.

கடையில் இரண்டு சக்கரத்தையும் கழற்றச் சொன்னால் கூலி கொஞ்சம் கூடும்; கடைக்காரர் முணுமுணுக்கவும் செய்வார். பின்னால் போகும் டயரில் நூல் தெரிந்தாலோ பக்கச் சுவர் வெடித்திருந்தாலோ அதையும் மாற்றத்தான் வேண்டும். கேரியரில் மூட்டை ஏற்றுகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. புது டயரின் பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி இருக்கும், சக்கரம் சுழலும் திசைக்கு. சில டயர்களில் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின்னதற்கு ஒன்று என்று இரண்டு குறிகள் இருக்கும். காற்றடிப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டால், மறுபடி கழற்றி மாட்டும் கூலி மிச்சம்.