பேரீச்சம்பழத்துக்குப் போன பென்குயின்கள்

மடவார் வளாகத்தில் அண்ணன் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். வைத்தியநாத சுவாமி கோவிலுக்குப் பக்கத்துத் தெரு. போன மாதம் போயிருந்தபோது பரணில் கிடந்ததெல்லாம் வாசலுக்கு வந்திருந்தது. ஓட்டை அண்டா, அரிக்கேன் விளக்கு, கால் உடைந்த தொட்டில். பழைய இரும்புக்காரர் தராசோடு உட்கார்ந்திருந்தார். குவியலுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு டி.வி. கேம் கேசட்.

"அது பிளாஸ்டிக்தான் அண்ணாச்சி, அந்தப் பக்கம் போட்டுருங்க" என்றான் அண்ணன் மகன். இன்ஜினீயரிங் படித்தவன். நான் பாய்ந்து எடுத்துவிட்டேன்.

"இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க சித்தப்பா? இந்த கேமெல்லாம் போன்லயே இருக்கே!"

இருக்கிறதா? எனக்குக் கோபம் வந்தது இந்த ஒரு வார்த்தையில்தான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த மஞ்சள் கேசட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்றொரு விளையாட்டுப் பெட்டியை இறக்கியது. சுருக்கமாக ஃபேமிகாம். தைவானிலும் ஹாங்காங்கிலும் அதைப் பார்த்து அச்சு அசலாக நகல் செய்தார்கள். நகல் பெட்டிகள் ரஷ்யாவில் 'டென்டி' என்றும் போலந்தில் 'பெகாசஸ்' என்றும் விற்றன. நம் பக்கத்தில் 'லிட்டில் மாஸ்டர்', 'டெர்மினேட்டர்' என்று என்னென்னவோ பெயர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் எதையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லாமே 'டி.வி. கேம்'தான்.

சொந்தமாக வாங்க யாரிடம் காசு? தெருவில் ஒரு வீட்டில் அரை மணிக்கு ரெண்டு ரூபாய். சாலிடேர் டி.வி. முன்னால் பாயை விரித்து எட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். ஆடுவது ரெண்டு பேர். கேசட் ஓடவில்லையென்றால் கழற்றி 'ஃபூ' என்று ஊதிச் சொருகுவோம். திருமலை நாயக்கரின் வயிற்று வலியைத் தீர்த்ததாகச் சொல்லப்படும் வைத்தியநாதர் இருக்கும் ஊரில், எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். உண்மையில் எச்சில் ஈரம் பட்டுப் பட்டுச் செம்பு முனைகள் கெட்டுப் போகும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இப்போது 'தொண்ணூறுகளின் குழந்தைகள்' என்று நெஞ்சைத் தடவிக்கொள்கிறவர்களைப் பாருங்கள். திரும்பத் திரும்ப ரெண்டே பெயர்கள். மரியோ, கான்ட்ரா. இதில் மரியோவுக்கு யார் தயவும் வேண்டாம். அவர் கோடீஸ்வரர், 2023-ல்கூட சினிமாவில் நடித்துவிட்டார். அவரைக் காப்பாற்ற நின்டெண்டோவின் வக்கீல் படையே இருக்கிறது. அந்தக் கேசட்டில் அவருக்குப் பக்கத்தில் பேர் ஊர் தெரியாமல் குடியிருந்தவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தப் பென்குயின்களை நினைவிருக்கிறதா? 'பைனரி லேண்ட்'. ஹட்சன் கம்பெனி ஃபேமிகாமுக்கு 1985-ல் விட்டது. திரையில் ரெண்டு பென்குயின்கள், நடுவே ஒரு சுவர். நீங்கள் இடப்பக்கம் அழுத்தினால் ஒன்று இடப்பக்கம் போகும்; மற்றது வலப்பக்கம் போகும், கண்ணாடி பார்த்தாற்போல. ரெண்டும் ஒரே சமயத்தில் மேலே இருக்கிற இதயத்தைத் தொட வேண்டும். ஒன்று வேகமாக வந்து பிரயோஜனமில்லை. ஒன்று சிலந்தி வலையில் மாட்டினால் மற்றது போய் விடுவிக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை. தாம்பத்தியத்தைப் பற்றி இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன சினிமா ஒன்றை யாராவது காட்டுங்கள், பார்க்கலாம்.

அதே ஹட்சன் 1984-ல் விட்ட 'நட்ஸ் அண்ட் மில்க்' இன்னொன்று. மில்க் என்கிற உருண்டைப் பயல் பழங்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு யோகர்ட் என்கிற காதலி வீட்டுக்குப் போக வேண்டும். துரத்துகிறவன் நட்ஸ். நின்டெண்டோ அல்லாத வெளிக் கம்பெனி ஃபேமிகாமுக்குச் செய்த முதல் விளையாட்டுகளில் ஒன்று இது. எங்களுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. 'உருண்டை கேம்' என்போம்.

நாம்கோவின் 'பேட்டில் சிட்டி' (1985) வேறு ரகம். டாங்கிச் சண்டை. ஆனால், ஒருவர் ஆட, இருவர் ஆட என்பதற்குக் கீழே மூன்றாவதாக 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். செங்கல், இரும்பு, தண்ணீர், புதர் எல்லாம் எடுத்து நாமே ஒரு ஊர் கட்டலாம். நாங்கள் நாலு ரத வீதி போட்டு நடுவில் கோபுரம் கட்டி, அதற்குள் டாங்கியை விட்டிருக்கிறோம். கரன்ட் போனால் கோபுரமும் போச்சு. 'எக்ஸைட்பைக்'கில் நாம் போட்ட ரேஸ் பாதையைச் சேமிக்க 'சேவ்' என்றே ஒரு வரி இருக்கும். எத்தனை முறை அழுத்தியிருப்போம்! ஜப்பானில் அதற்கென்று தனியாக விற்ற டேப் ரெக்கார்டரை மாட்டினால்தான் அது வேலை செய்யும் என்று மடவார் வளாகத்தில் யார் வந்து சொன்னார்கள்?

இந்தச் சின்ன விளையாட்டுகள் நமக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1984, 85-ல் வந்தவை அளவில் பொடிசு. சூப்பர் மரியோவே மொத்தம் 40 கிலோபைட். செல்போனில் வருகிற ஒரு 'குட் மார்னிங்' பூப்படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் நகல்காரர்களுக்குப் பத்திருபதை ஒரே கேசட்டில் திணிப்பது சுலபம். அட்டையில் 9999 என்று போடுவார்கள். ஐம்பது தேறினால் அதிகம். மற்றதெல்லாம் அதே விளையாட்டு வேறு கட்டத்தில் தொடங்கும்.

விளைவு என்ன? பைனரி லேண்டும், நட்ஸ் அண்ட் மில்க்கும், பேட்டில் சிட்டியும் அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடைகளுக்குப் போகவே இல்லை. அதனால்தான் வெள்ளைக்காரர் போடுகிற 'அதிகம் அறியப்படாத விளையாட்டுகள்' பட்டியலில் இவை வருகின்றன. நம்மூர் ஆட்களும் அதை அப்படியே வாங்கி ஒப்பிக்கிறார்கள். யாருக்கய்யா தெரியாது? எங்கள் தெருப் பயல்களுக்குத் தெரியும். மாஸ்கோ பயல்களுக்குத் தெரியும், வார்சா பயல்களுக்குத் தெரியும். அமெரிக்காவுக்குத் தெரியாதது உலகத்துக்கே தெரியாது என்கிற கணக்கை நாம் ஏன் எழுத வேண்டும்?

திருட்டு கேசட்டுக்கு வக்காலத்தா என்பீர்கள். ஆமாம், திருட்டுதான். அதைவிடப் பெரிய குற்றமும் செய்தார்கள்: முகப்பில் இருந்த கம்பெனி பெயரை அழித்தார்கள். பல ஜப்பான் கம்பெனிகள் விளையாட்டைச் செய்தவர்களின் பெயரைப் போடவே இல்லை. அல்லது புனைபெயர் போட்டன. இப்படி ரெண்டு பக்கமும் சேர்ந்து செய்தவனை அநாதை ஆக்கியாயிற்று. ஆனால், எங்கள் ஊர்க் கடையில் அசல் கேசட் என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. விற்க வராதவன், திருடியவன் மட்டும் சுமந்து வந்த பொருளைக் காட்டி 'என் சொத்து, தொடாதே' என்று மட்டும் கரெக்டாகச் சொல்கிறான்.

அவன் காப்பாற்றுவானா? 2023-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு கணக்கெடுத்தது. 2010-க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இப்போது விற்பனையிலேயே இல்லை. சரி, நூலகங்களாவது பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்து தரட்டுமா என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்க காப்புரிமை அலுவலகம் முடியாது என்றது. 1985-ல் வந்த கம்பெனிச் சரக்கு அங்கே 2081-ல்தான் பொதுச் சொத்து. பைனரி லேண்ட் செய்த ஹட்சனோ 2012-ல் கொனாமிக்குள் கரைந்தே போனது.

நம் சட்டம் இன்னும் வேடிக்கை. புத்தகம் போட்டால் 1954-ம் வருஷச் சட்டப்படி கன்னிமாராவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். சினிமாவுக்கு 1964 முதல் பூனாவில் ஆவணக் காப்பகம். விளையாட்டுக்கு? ஒன்றுமில்லை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பொது நூலகங்கள் பாதுகாப்புக்காக மின்னணு நகல் எடுத்து வைக்கலாம் என்று ஒரு சலுகை தந்தார்கள். நல்லது. ஆனால், நூலகத்திடம் அதன் 'டிஜிட்டல் அல்லாத' பிரதி இருக்க வேண்டுமாம்! கேசட் பிறந்ததே டிஜிட்டலாக. சட்டத்தின் வாசகப்படி அதற்கு இடமில்லை. ஜப்பானிலோ 2000 முதல் நாடாளுமன்ற நூலகத்துக்கு விளையாட்டுப் பிரதியும் போயாக வேண்டும்.

"விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் நூலகமா?" என்று பெரியவர்கள் சிரிக்கலாம். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. ஏடு தேடி உ.வே.சா. அங்கே போனபோது, கோவிலில் கிடந்த பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எரித்தவர்கள் கெட்டவர்களல்லர். குப்பை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் 'கீசக வதம்' ஓர் அடி ஃபிலிம்கூட மிச்சமில்லை. அதையும் வில்லன் யாரும் வந்து அழிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. இந்த மாதிரிப் பெருமை எத்தனை ஊருக்கு உண்டு? அங்கே ஒரு அலமாரி, ஒரு பெட்டி, ஒரு பழைய டியூப் டி.வி. கேட்கிறேன். டி.வி. கட்டாயம் வேண்டும். வாத்து சுடும் 'டக் ஹன்ட்' துப்பாக்கி, விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் பளிச்சிடும் வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கிறது. டியூப் டி.வி.யின் கணக்குக்குத் தைத்த சட்டை அது. இன்றைய தட்டை டி.வி.யில் சுட்டால் ஒரு வாத்தும் விழாது.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான். பென்குயின் சங்கதி மட்டும் பிடித்துவிட்டது. "போட்டுப் பார்ப்போமா சித்தப்பா?" என்றான். பரண் குவியலிலேயே பெட்டியும் அடாப்டரும் கிடைத்தன. கேசட்டைத் துணியால் துடைத்தோம், ஊதவில்லை. டி.வி.தான் இல்லை. 2006-க்குப் பிறகு அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த டியூப் டி.வி. ஒன்றாவது தெருவில் மிஞ்சியிருக்கும் என்று தேடிக் கிளம்பினோம்.

நாலாவது வீட்டு அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "டியூப் டி.வி.யா தம்பி? இப்பத்தான், காலைல வந்த இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டேன். அந்தா, தெருமுக்குல வண்டி நிக்கி பாருங்க."

அண்ணன் மகன் ஓட ஆரம்பித்தான்.